முதலில் சந்து, அப்புறம் வீடு: நெருக்கமான குடியிருப்பைச் சீரமைக்கும் முறை

குடிசைப் பகுதி என்று பெயர். உள்ளே போய்ப் பார்த்தால் செங்கல் சுவரும் தகரக் கூரையும் ஆங்காங்கே காங்கிரீட் மாடியும்தான் கண்ணில் படும். கையில் காசு சேரச் சேர ஒரு சுவர், ஒரு கதவு, ஒரு மாடி என்று வீட்டை அவரவரே கட்டிக்கொண்டு போகிறார்கள். அதற்காக யாரும் வடிவமைப்பாளரை எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை. ஒரு குடும்பம் தனியாகச் செய்யமுடியாத வேலை வாசற்படிக்கு வெளியே கிடக்கிறது. மழைநீர் எந்தப் பக்கம் ஓடும், கழிவு எங்கே சேரும், நோயாளியைத் தூக்கிக்கொண்டு முனை திரும்ப முடியுமா, தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேறுவது என்பதெல்லாம் சந்து முழுவதும் சேர்ந்து தீர்க்கவேண்டியவை. வடிவமைப்புக்கு அங்கேதான் வேலை.

ஜகார்த்தாவில் 1969இல் தொடங்கிய கம்போங் (நெருக்கமான குடியிருப்பு) மேம்பாட்டுத் திட்டம் வீடுகளை விட்டுவிட்டு நடைபாதை, வடிகால், தண்ணீர்க் குழாய் ஆகியவற்றில் கவனம் செலுத்தியது. வாசல் காய்ந்ததும் வீட்டை மக்களே மேம்படுத்திக்கொண்டார்கள். கராச்சியின் ஒராங்கியில் 1980இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய திட்டம் இன்னொரு படி மேலே போய் வேலையை இரண்டாகப் பிரித்தது. வீட்டுக் கழிப்பறை, சந்துக் குழாய், பல சந்துகள் சேரும் குழாய் ஆகியவை மக்கள் பொறுப்பு. நகரின் பெரிய சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் அரசின் பொறுப்பு. லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சொந்தச் செலவில் இணைந்தன. அங்கே வேலையின் அலகு சந்து. 20 முதல் 40 வீடு, அதற்கு ஒரு பொறுப்பாளர். இங்கே சொல்லப்போகும் அளவுகளும் அப்படி ஒரு சந்தை மனத்தில் வைத்தவைதான்.

வேலையின் வரிசை முக்கியம்: அளவெடுப்பு, கழிவுக் குழாய், குடிநீர்க் குழாய், மழை வடிகால், நடைபாதை, விளக்கு. இதை மாற்றிச் செய்யும் சந்துகளில் போன வருடம் போட்ட தளத்தை இந்த வருடம் குழாய்க்காக உடைப்பார்கள்.

அளவெடுப்பு

30 மீட்டர் டேப், 15 முதல் 20 மீட்டர் நீளமுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய், பெயின்ட், நோட்டு, இவை போதும். செயற்கைக்கோள் படம் பகுதியின் வெளிவரம்புக்குத்தான் உதவும். கூரைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதால் மேலிருந்து பார்க்கும்போது பல சந்துகள் தெரியாது. கைப்பேசி காட்டும் இடம் சில மீட்டர் தள்ளிப்போகும். ஒன்றரை மீட்டர் சந்தில் அது அடுத்த சந்தில் நிற்பதாகக் காட்டும்.

முதலில் ஒவ்வொரு கதவிலும் எண் எழுதுங்கள். பிறகு 1:200 அளவில் வரைபடம் போடுங்கள். தாளில் 1 செ.மீ. தரையில் 2 மீட்டர். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, வீட்டுத் தரை சந்தைவிட எவ்வளவு உயரம், குளித்த தண்ணீர் எந்த ஓட்டை வழியே வெளியே வருகிறது, மின்கம்பம் எங்கே, கடைசியாக வெள்ளம் வந்தபோது சுவரில் எவ்வளவு உயரத்துக்குக் கறை விட்டுப்போயிருக்கிறது என்பதெல்லாம் அதில் வரவேண்டும். வெள்ளக் கறை எந்தக் கணக்கைவிடவும் நம்பகமான சாட்சி.

ஆட்களையும் எண்ணுங்கள். வாடகைக்கு இருப்பவர்களைத் தனியாகக் குறிக்கவேண்டும். கூட்டத்துக்கு வீட்டுக்காரர்தான் வருவார். சந்து சீரானபின் வாடகை ஏறி வெளியேறுவது குடியிருப்பவர். வேலை தொடங்குவதற்கு முன்பே, இத்தனை வருடம் வாடகை ஏற்றுவதில்லை என்று வீட்டுக்காரர்களிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது ஒன்றுதான் இதற்கு ஓரளவு தடுப்பு. வேலை முடிந்தபின் கேட்டால் நடக்காது.

சந்தைச் சுற்றிக் காட்டும் நடையை மூன்று முறை, மூன்று கூட்டத்தோடு நடக்கவேண்டும்: பெண்கள் மட்டும், சிறுவர் சிறுமியர் மட்டும், முதியவர்கள். இருட்டியபின் பெண்கள் எந்த இடத்தைத் தவிர்க்கிறார்கள் என்பது கலந்த கூட்டத்தில் வாய்விட்டு வராது.

மட்டம் பார்த்தல்

கொத்தனார்கள் பயன்படுத்தும் மட்டக் குழாய் இங்கே எந்தக் கருவிக்கும் சளைத்ததல்ல. குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் இரண்டு சுவரில் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். சந்தின் தலைமாட்டில் ஒரு சுவரில் கோடு போட்டு, அதே மட்டத்தை 10 மீட்டருக்கு ஒரு கோடாகக் கடைசிவரை கடத்திக்கொண்டு போங்கள். பிறகு ஒவ்வொரு கோட்டிலிருந்தும் கீழ்நோக்கி அளந்து சந்துத் தரை, வீட்டுத் தரை, பழைய சாக்கடையின் அடிமட்டம் மூன்றையும் எழுதுங்கள். தலைமாட்டில் சந்துத் தரை கோட்டிலிருந்து 95 செ.மீ. கீழே, 40 மீட்டர் தள்ளிக் கடைசியில் 135 செ.மீ. கீழே என்றால் வாட்டம், அதாவது சரிவு, 40 மீட்டருக்கு 40 செ.மீ.; சுருக்கமாக 100க்கு 1. நல்ல சந்து.

இதில் பிழை வருவது பெரும்பாலும் காற்றுக் குமிழியால். சிறு குமிழி ஒன்று நடுவில் நின்றால் இரண்டு மூன்று செ.மீ. ஏமாற்றிவிடும். குழாயின் முனையைக் கட்டைவிரலால் மூடியபடி அளவு பார்ப்பதும், பாதிக் குழாய் வெயிலில் சூடேறிக் கிடப்பதும் அடுத்த காரணங்கள். அளந்து முடித்ததும் கோட்டைத் திரும்பத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவாருங்கள். 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளக்கவேண்டும்.

சந்துக் குழாய் போய்ச் சேரும் பெரிய சாக்கடையின் நீர்மட்டத்தை மழை நாளில் பாருங்கள். வறண்ட காலத்தில் அது ஒரு முழம் கீழே இருக்கும். அடைமழையில் உங்கள் குழாய்வாயை மூழ்கடித்துக் கழிவை வீட்டுக்குள் தள்ளும். அப்படித் தள்ளும் இடத்தில் குழாய்வாயை உயர்த்தவேண்டும். உயர்த்த வாட்டம் போதாதென்றால் வெளிப்புறம் மட்டும் திறக்கும் மடிப்புக் கதவு வைக்கலாம். குப்பை சிக்கினால் அது மூடாது. வாரம் ஒருமுறை யார் பார்ப்பது என்று முடிவு செய்யாமல் அதைப் பொருத்தவேண்டாம்.

கழிவுக் குழாய்

கழிவும் மழைநீரும் தனித்தனியாகப் போகவேண்டும். மழைநீரோடு மணல் வரும். மணல் நுழைந்த கழிவுக் குழாயை யாராலும் காப்பாற்ற முடியாது.

40 வீட்டுக்கு 4 அங்குலக் குழாய் தாங்குமா என்று எல்லாச் சந்திலும் கேட்பார்கள். கணக்கு இதுதான். 40 வீடு, வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 80 லிட்டர் என்றால் 16,000 லிட்டர். இதை 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் நொடிக்கு 0.2 லிட்டர்கூட இல்லை. காலை நேர நெரிசலுக்கு மூன்று மடங்கு வைத்தாலும் 0.6 லிட்டர்தான். 100க்கு 1 வாட்டத்தில் கிடக்கும் 4 அங்குலக் குழாய் பாதி நிறைந்து ஓடினாலே நொடிக்கு ஏறக்குறைய இரண்டரை லிட்டர் கொண்டுபோகும். பெரிய குழாய் போட்டால் பாதுகாப்பு என்று நினைத்து 8 அங்குலம் போடும் இடங்களில் தண்ணீர் பரந்து மெலிந்து ஓடும், கட்டியானவை நின்றுவிடும். 1980களின் தொடக்கத்தில் பிரேசிலில் உருவான எளிய சாக்கடை முறை இந்தக் கணக்கின்மேல் நிற்பதுதான். அங்கே 200க்கு 1 வாட்டத்தில்கூட 4 அங்குலக் குழாய் போடுகிறார்கள். கையால் தோண்டிப் போடும் வேலைக்கு 100க்கு 1 வைத்துக்கொள்வது நல்லது. பள்ளத்தில் ஒரு செ.மீ. ஏறுமாறாகப் போனாலும் அது மன்னிக்கும்.

இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 60 லிட்டராவது பயன்படவேண்டும். குடம் சுமந்து குடிக்க மட்டும் தண்ணீர் கிடைக்கும் பகுதியில் சாக்கடை போட்டால் அடைத்துக்கொள்ளும். அங்கே முதலில் தண்ணீர் வரவேண்டும். அதுவரை குழிக் கழிப்பறையே சரி.

தோண்டுவதைக் கீழ்முனையில் தொடங்கி மேல்நோக்கிப் போங்கள். மேலிருந்து தொடங்கினால் கடைசியில் வந்து சேரும் ஆழம் சேரவேண்டிய சாக்கடையைவிடக் கீழே போய்விடும் ஆபத்து உண்டு. வண்டி வராத சந்தில் குழாயின் மேல் 40 செ.மீ. மண் போதும். இருசக்கர வண்டி ஓடும் சந்திலும், ஆழம் அதற்கும் குறையும் இடத்திலும், குழாயைச் சுற்றி 10 செ.மீ. காங்கிரீட் போடுங்கள். அடியில் 5 முதல் 10 செ.மீ. மணல் படுக்கை, கல் குத்தும் குழாய் அந்த இடத்தில் உடையும். குழாயின் அகன்ற வாய் மேடு பார்த்திருக்கவேண்டும்.

வாட்டத்தை ஒவ்வொரு குழாயிலும் பார்க்க எளிய வழி: ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான மர ரீப்பரின் ஒரு முனையில், அடிப்பக்கம், 1 செ.மீ. கனமுள்ள கட்டையை ஆணியடித்து வையுங்கள். கட்டை உள்ள முனை பள்ளத்தைப் பார்க்க, ரீப்பரைக் குழாய்மேல் வைத்து அதன்மேல் ரசமட்டத்தை வையுங்கள். குமிழி நடுவில் நின்றால் வாட்டம் சரியாக 100க்கு 1.

15 முதல் 20 மீட்டருக்கு ஒரு சேம்பர் (குழாயைத் திறந்து பார்க்க மூடியோடு கட்டும் சிறு தொட்டி), திரும்பும் இடத்திலும் இரண்டு குழாய் சேரும் இடத்திலும் ஒவ்வொன்று. சேம்பர் 45 செ.மீ. சதுரத்துக்கு மேல் வேண்டாம். இது செலவுக்காகச் சொல்வதல்ல. ஓர் ஆள் இறங்க முடியாத அளவில் சேம்பர் கட்டினால், அடைப்பு வந்தால் ஆளை இறக்கலாம் என்ற யோசனையே எழாது. குழாய் ஆழம் குறைவாக இருப்பதால் மேலே நின்றபடி கம்பி விட்டே சுத்தம் செய்யலாம். சேம்பரின் அடியில் பாதிக் குழாய் வடிவத்தில் பூசி, இருபக்கமும் சரிவு கொடுங்கள். தட்டையான அடியில் கழிவு தங்கிப் புழு வைக்கும்.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குழாய்க்குப் போகும் முன் ஒரு சிறு இடைத்தொட்டி வேண்டும். ஒன்றரை அடி அகலம், இரண்டடி ஆழம், வெளியேறும் வாயில் T வடிவக் குழாய் ஒன்று. துணி, மணல், தலைமுடி எல்லாம் இங்கேயே தங்கும். ஒராங்கியில் சந்துக் குழாய் அடைக்காமல் ஓடியதற்கு இந்தத் தொட்டியும் ஒரு காரணம். காசு மிச்சம் என்று இதை விட்டுவிடும் வீடு ஒன்று இருந்தாலும் அடைப்பு அந்த வீட்டுக்கு வராது. கீழே இருப்பவர் வாசலில் பொங்கும். எனவே இடைத்தொட்டி கட்டாத வீட்டுக்கு இணைப்பு இல்லை என்பதைச் சந்தே முடிவு செய்யவேண்டும்.

மண் மூடும் முன் கீழ்முனையை அடைத்துத் தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் பாருங்கள். மட்டம் இறங்கினால் இணைப்பு எங்கோ கசிகிறது. பிறகு 7 செ.மீ. பந்து ஒன்றை மேல் சேம்பரில் போட்டுத் தண்ணீர் விடுங்கள். எந்தச் சேம்பருக்கு வந்து சேரவில்லையோ அதற்கு மேலே குழாய் வயிறு தொங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

சேர்ப்பதற்கு நகரச் சாக்கடையே அருகில் இல்லாத இடத்தில் சந்து முனையில் பொதுச் செப்டிக் தொட்டி கட்டலாம். கழிவு அள்ளும் லாரி நிற்கும் இடத்திலிருந்து அதன் குழாய் எட்டும் தூரத்தில் தொட்டி இருக்கவேண்டும். நடுச் சந்தில் கட்டிவிட்டு, நிறைந்தபின் அள்ள வழியில்லாமல் தவிக்கும் தொட்டிகள் ஏராளம்.

குடிநீர்

கழிவுக் குழாய் ஒரு பக்கச் சுவரை ஒட்டி, குடிநீர்க் குழாய் எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டி, குறைந்தது 30 செ.மீ. மேலே. தண்ணீர் நாள் முழுதும் வராமல் விட்டுவிட்டு வரும் ஊர்களில் இதில் விளையாடக்கூடாது. குழாய் காலியாகும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, பக்கத்தில் தேங்கிய அழுக்கு நீரைக் கசிவு வழியாக உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் விட்ட முதல் சில நிமிடம் கலங்கி நாறுகிறதென்றால் காரணம் இதுதான்.

பொதுக் குழாய் என்றால் பேரிடர் முகாம்களுக்கான ஸ்பியர் அளவுகோல் ஒரு குழாய்க்கு 250 பேர் என்கிறது. நிமிடத்துக்கு ஏழரை லிட்டர் வரும் குழாயில் ஆளுக்கு 15 லிட்டர் பிடிக்க 250 பேருக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்கள் ஊரில் தண்ணீர் இரண்டு மணி நேரம்தான் வருகிறதென்றால் அதே அளவு தண்ணீருக்கு நான்கு குழாய்க்கு மேல் வேண்டும். இந்தப் பெருக்கலைச் செய்யாமல் குழாய் வைத்தால் வரிசையும் சண்டையும் நிச்சயம். குழாயடி மேடையைச் சுற்றி 5 செ.மீ. விளிம்பு கட்டி, சிந்தும் நீரை வடிகாலில் சேருங்கள்.

மழை வடிகாலும் நடைபாதையும்

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். சந்தும் கூரைகளும் சேர்ந்து 1,500 சதுர மீட்டர், மழை மணிக்கு 60 மி.மீ. என்றால் நொடிக்கு 25 லிட்டர் ஓடிவரும். 30 செ.மீ. அகல வடிகாலில் 100க்கு 1 வாட்டம் இருந்தால், 10 செ.மீ. உயரத்தில் ஓடியே இதைக் கொண்டுபோய்விடும். வாட்டம் 400க்கு 1 ஆகக் குறைந்தால் வேகம் பாதியாகும். அப்போது 15 செ.மீ. உயரம் வேண்டும். மண்ணும் குப்பையும் படிய இடம் விட்டு 20 முதல் 25 செ.மீ. ஆழம் வைத்தால் இரண்டுக்கும் சரி. அடியை அரைவட்டமாகப் பூசுங்கள்; குறைந்த நீர்கூட ஒரு கோடாகச் சேர்ந்து மண்ணை அடித்துக்கொண்டு போகும்.

மேலே காங்கிரீட் பலகையால் மூடவேண்டும். 60 × 45 செ.மீ., 5 செ.மீ. கனம் என்றால் எடை 32 கிலோ. இரண்டு பேர் தூக்கித் திறக்கலாம். ஒரு மீட்டர் பலகை வார்த்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அப்புறம் அதை யாரும் திறக்கவே மாட்டார்கள். பலகையைச் சிமென்ட் வைத்து ஒட்டிவிடுவது அதைவிட மோசம்.

நடைபாதைக்கு 10 செ.மீ. கனத்தில் 1:1.5:3 (சிமென்ட், மணல், ஜல்லி) காங்கிரீட் கலவை, ஒன்றரை மீட்டருக்கு ஒரு இணைப்பு வெட்டு, வடிகால் பக்கமாக 50க்கு 1 சரிவு, ஏழு நாளாவது ஈரச்சாக்கு போட்டு நனைத்தல். ஆள் நடமாட்டத்தை ஏழு நாள் நிறுத்த முடியாது என்பதால் சந்தின் பாதி அகலத்தை முதலில் போட்டு, அது இறுகியபின் மறுபாதியைப் போடுவார்கள். கழிவுக் குழாய் போகும் கோட்டின்மேல் மட்டும் வார்ப்புக்குப் பதில் பெயர்த்தெடுக்கக்கூடிய கற்களைப் பதியுங்கள்.

பாதையின் மேல்மட்டம் எந்த வீட்டுத் தரையையும்விடக் குறைந்தது 15 செ.மீ. தாழ்ந்திருக்கவேண்டும். பழைய தளத்தைக் கொத்தி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தளம் போடும் வழக்கத்தால்தான் பல சந்துகளில் வீடுகள் குழிக்குள் போய்விட்டன. போடும்போது 10 செ.மீ. தானே என்று தோன்றும். மூன்றாம் முறை போடும்போது வாசற்படி மறைந்திருக்கும். புதுத் தளத்துக்கான ஒப்பந்தத்தில் பழையதைப் பெயர்த்து அகற்றுவது தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி இல்லையென்றால் அது நடக்காது.

மேட்டில் ஏறும் சந்தானால் படி 15 செ.மீ. உயரம், 30 செ.மீ. அகலம், ஒரு பக்கம் கைப்பிடி. தண்ணீர் படிமேல் பாயாமல் ஓரத்து வடிகாலில் இறங்கவேண்டும்.

அகலம் எவ்வளவு?

ஸ்ட்ரெச்சர் 2.1 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம் என்று வையுங்கள். செங்கோணமாகத் திரும்பும் முனையில் அது திரும்ப இரண்டு பக்கச் சந்தும் ஏறத்தாழ 1.2 மீட்டர் இருக்கவேண்டும். தூக்குபவர்களுக்கும் இடம் வேண்டுமென்றால் ஒன்றரை. சந்து முழுவதையும் அகலப்படுத்த முடியாத இடத்தில் முனை வீட்டுச் சுவரை மட்டும் 45 செ.மீ. சாய்த்து வெட்டினால் போதும். பெரிய மாற்றம் தெரியும். இதைத் தாளில் பார்க்காதீர்கள். அதே அளவில் மூங்கிலைக் கட்டி, நான்கு பேர் தூக்கிச் சந்து முழுக்க நடந்து பாருங்கள். எங்கே முட்டுகிறதோ அங்கே பெயின்டால் குறியிடுங்கள்.

அதிலும் தீராத நெருக்கத்துக்கு வீடுகளையே நகர்த்தி அடுக்கும் முறை இருக்கிறது. கேப் டவுனில் தகர வீட்டுப் பகுதிகளில் இப்படிச் செய்தார்கள். தாய்லாந்தில் 2003இல் தொடங்கிய பான் மங்கோங் திட்டமும் இதை ஒரு வழியாக வைத்திருக்கிறது. பத்துப் பதினைந்து வீடுகளை ஒரு பொது முற்றத்தைச் சுற்றி, கதவுகள் முற்றம் பார்க்க அடுக்குவார்கள். முற்றத்தில் குழாய், துணி காயும் கொடி, குழந்தைகள் விளையாட்டு, எல்லாம் பல கண்களுக்கு முன்னால். தகர வீட்டைக் காலையில் பிரித்து மாலைக்குள் நிறுத்திவிட முடியும் என்பதால் முதலில் ஓர் இடத்தைக் காலியாக்கி, அதற்குள் ஒரு வீடு, அந்த வீடு விட்ட இடத்துக்குள் அடுத்த வீடு என்று நகர்த்திக்கொண்டே போகலாம். செங்கல் வீடுகள் பாதிக்கு மேல் இருந்தால் இதை முயல வேண்டாம். முனை வெட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதில் சண்டை வருவது அளவில். பெரிய வீடு வைத்திருப்பவர் சமமாகக் குறைத்துக்கொள்ளச் சம்மதிக்கமாட்டார். வீட்டளவை அட்டையில் 1:100க்கு வெட்டி அவரவர் கையில் கொடுத்து, அவர்களையே வரைபடத்தின்மேல் வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் சுண்ணாம்புத்தூளால் தரையில் முழு அளவில் கோடு போடுங்கள். அட்டையில் சரி என்றவர் கோட்டுக்குள் நின்று கட்டில் எங்கே போடுவது என்று கேட்பார். அந்தக் கேள்வி பிரித்தபின் வருவதைவிட முன்பே வருவது நல்லது.

தீக்கும் இதே இடைவெளிதான் மருந்து. வரிசைக்கும் வரிசைக்கும் 3 மீட்டர் விடச் சொல்வார்கள். நெருக்கமான இடத்தில் அது கிடைக்காது. கிடைக்கும் ஒன்றிரண்டு மீட்டரையாவது கூரை நீட்டியும் விறகு அடுக்கியும் அடைக்காமல் காக்கவேண்டும். எதிர் எதிர் வீட்டு ஜன்னல்கள் நேருக்கு நேர் இல்லாமல் தள்ளி வைத்தால் தீ தாவுவது தாமதமாகும், பார்வை மறைவும் கிடைக்கும். ஒவ்வொரு சந்துக்கும் இரண்டு வாய் இருக்கவேண்டும். முட்டுச்சந்தின் கடைசி வீட்டுப் பின்சுவரில் உள்ளிருந்து திறக்கும் கதவு ஒன்று வைத்தாலும் அது இரண்டாவது வாய்தான்.

விளக்கு

உயரக் கம்பத்துப் பெருவிளக்கு கூரைகளைத்தான் வெளிச்சமாக்கும். சந்து அதன் நிழலில் கிடக்கும். சுவரில் 3 முதல் 4 மீட்டர் உயரத்தில் சிறு எல்இடி விளக்குகளை முனைக்கு ஒன்று, கழிப்பறை வழியில் தொடர்ச்சியாக வையுங்கள்.

பொதுக் கழிப்பறை

முடிந்தால் வீட்டுக்கொன்று, 90 × 120 செ.மீ. இடம் போதும். அடுத்தது நான்கைந்து குடும்பத்துக்கு ஒன்று, பூட்டும் சாவியும் அவர்களிடம். யாருடையது என்று தெரிந்த கழிப்பறை சுத்தமாக இருக்கும். பெரிய பொதுக் கழிப்பிடம் கடைசி வழி. அதற்குப் போகவேண்டியிருந்தால் ஸ்பியர் அளவுகோல்படி 20 பேருக்கு ஒன்று, பெண்களுக்கு மூன்று என்றால் ஆண்களுக்கு ஒன்று. இரு பக்கத்துக்கும் வாசல் எதிரெதிர்த் திசையில் இருக்கட்டும். குழந்தைகளுக்குத் தனி இடம் அவசியம். சிறு குழி, பிடித்துக்கொள்ளக் கம்பி, கதவில்லாத திறந்த அறை. இருட்டும் பெரிய குழியும் பயந்துதான் அவர்கள் வடிகாலில் உட்காருகிறார்கள். பராமரிப்பவர் குடும்பத்தோடு தங்க ஓர் அறை அங்கேயே இருந்தால் சாவியும் தண்ணீரும் சம்பளமும் ஓர் ஒழுங்குக்கு வரும். மாதவிடாய்த் துணிக்கு மூடியுள்ள தொட்டி ஒவ்வொரு அறைக்குள்ளும் வேண்டும். அது வெளியே இருந்தால் எல்லாம் குழிக்குள் போகும், அடைப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

கடைசியாக வீடு

வீட்டுக்குள் முதலில் தொடவேண்டியது கூரை. வெயிலில் தகரம் பழுத்து, அதன் வெப்பம் நேரே தலையில் இறங்கும். வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு உள்ளே சில டிகிரி குறைக்கும். துத்தநாகம் பூசிய தகரத்தில் சுண்ணாம்பு ஒட்டாமல் உரியும். அதற்குரிய பிரைமர் அடித்து அக்ரிலிக் பெயின்ட் பூசுங்கள். தூசி படிந்தால் பலன் போய்விடும், எனவே ஆண்டுக்கு ஒருமுறை கழுவவேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையானால் உலரத் தேய்க்கவோ துளையிடவோ கூடாது. அந்த நார் நுரையீரலுக்கு எமன். பூச்சைவிடச் சிறந்தது அடித்தட்டு: தகரத்துக்குக் கீழே 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் மூங்கில் தட்டியோ பலகையோ கட்டி, இரு முனையையும் திறந்து விடுவது. சூடான காற்று நடுவிலேயே வெளியேறிவிடும்.

காற்றுக்கு எதிர் எதிர் இரண்டு திறப்பு வேண்டும். மூன்று பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர் என்றால் கதவுக்கு மேல் ஒரு திறப்பும் கூரையின் உச்சியில் மழைத்தொப்பி போட்ட ஒரு திறப்பும் வையுங்கள். வெப்பக் காற்று மேலே போக, கீழிருந்து புதுக் காற்று வரும். சமையல் அடுப்பு அந்த உச்சித் திறப்புக்கு நேர் கீழே.

பகலிலும் இருட்டாக இருக்கும் அறைக்கு, பிரேசிலின் ஆல்ஃபிரெடோ மோசர் 2002இல் உருவாக்கிய பாட்டில் விளக்கு இன்றும் நல்ல வழி. 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த நீர் நிரப்பி, பாசி பிடிக்காமல் இரண்டு மூடி பிளீச் ஊற்றுங்கள். ஓர் அடி சதுரத்துக்குச் சற்றுக் குறைவான தகரத் துண்டில் பாட்டிலைச் செருகி சிலிகான் வைத்து ஒட்டி, அந்தத் துண்டைக் கூரையில் வெட்டிய துளைமேல் வைத்து ரிவெட் அடித்து மறுபடி சிலிகான் பூசவேண்டும். மூன்றில் ஒரு பங்கு வெளியே, மீதி உள்ளே. உச்சி வெயிலில் 40 முதல் 60 வாட் பல்பு அளவு வெளிச்சம் வரும். கூரை மேட்டில் துளை போடுங்கள். பள்ளத்தில் போட்டால் மழைநீர் அதிலேயே நின்று ஒழுகும். பாட்டிலின் மூடி வெயிலில் விரிசல் விடும், அதற்கு மேல் ஒரு உறை வேண்டும்.

புதிதாகக் கட்ட முடிந்தால், பிற்பாடு குடும்பத்தால் செய்யமுடியாததை இப்போதே செய்துவிடுங்கள். சிலியின் இகிகேயில் 2004இல் முடிந்த கின்டா மொன்ராய் வீடுகள் இந்த எண்ணத்தில் எழுந்தவை. அடித்தளம், கட்டமைப்பு, படிக்கட்டு, குளியலறை, சமையலறை ஆகியவற்றோடு பாதி வீட்டைக் கொடுத்து, மீதிப் பாதிக்கு இடம் விட்டார்கள். குடும்பங்கள் அதை நிரப்பிக்கொண்டன. உங்கள் சந்திலும் அஸ்திவாரமும் தூண்களும் இரண்டு மாடிக்கு இருக்கட்டும். மாடிப்படிக்கு இடம் சந்தில் வேண்டாம், வீட்டெல்லைக்குள்ளேயே ஒதுக்குங்கள். அகலப்படுத்திய சந்தை மறுபடி விழுங்குவது பிற்பாடு முளைக்கும் படிக்கட்டுகள்தான். மேல்மாடிக்கு விட்ட கம்பிகளை நலிந்த காங்கிரீட்டால் மூடி வையுங்கள். திறந்து கிடந்தால் இரண்டு மழையில் துரு ஏறிப் பயன்படாமல் போகும்.

வேலை முடிந்த அன்று

சந்துக்கென்று 15 மீட்டர் வளையும் கம்பி ஒன்று, சேம்பர் மூடி தூக்கும் கொக்கி இரண்டு, ரப்பர் கையுறை இரண்டு சோடி வாங்கி, பூட்டிய பெட்டியில் வையுங்கள். இடைத்தொட்டி ஆண்டுக்கு ஒருமுறை, வடிகால் மழைக்காலத்துக்கு முன் ஒருமுறையும் முதல் பெருமழைக்கு அடுத்த நாள் ஒருமுறையும் திறந்து பார்க்கப்படவேண்டும். பணம் இரண்டு பேர் கையெழுத்துள்ள வங்கிக் கணக்கில் இருக்கட்டும். அதில் ஒருவர் பெண்.

பெயின்ட் காய்வதற்குள் செய்யவேண்டிய கடைசி வேலை: சந்து முனைச் சுவரில் வரைபடத்தைப் பெரிதாக எழுதுங்கள். சேம்பர் எண், ஒவ்வொரு சேம்பரும் எந்தக் கதவெண்ணுக்கு முன்னால், கழிவுக் குழாய் எந்தச் சுவரிலிருந்து எத்தனை செ.மீ., குடிநீர்க் குழாய் எத்தனை செ.மீ. ஆழத்தில் என்றெல்லாம். அடுத்த வருடம் கம்பம் நடவோ கேபிள் போடவோ கடப்பாரையோடு வருபவர் இந்தச் சந்துக்காரராக இருக்கமாட்டார். முதலில் அவர் கண்ணில் படுவது அந்தச் சுவராக இருக்கவேண்டும்.